சாரோங் மாத்தாவுக்கு எடுத்த விழா

கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு. எதிரே மூஞ்சி சிவந்த துரை. அவர் கையில் என் தாலிச் சங்கிலி.

ஜொகூர் பாருவின் பாடாங்கில், அதாவது கடலோரத்துத் திடலில், ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, மேடையில் நான் அப்படித்தான் நின்றேன். பின்னால் போலீஸ் பாண்டு வாத்தியக்காரர்கள் கன்னத்தை உப்பிக்கொண்டு தயாராக இருந்தார்கள். மேடைப் பலகைக்கு அடித்த புது வர்ணம் வெயிலில் இளகி, செருப்பில்லாத என் காலில் பிசுக் பிசுக்கென்று ஒட்டியது. ஓடலாம் என்றாலும் ஓட முடியாத நிலைமை.

போன வாரம் ரயில்வே லயன் வரிசை வீடுகளின் குழாயடிச் சண்டையைப் பற்றி எழுதியபோது, 'என் தாலி களவுபோன வருஷம்' என்று ஒரு வரி வந்து விழுந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு, "தாலி திரும்பக் கிடைச்சுதா இல்லியா, அதைச் சொல்லுங்க முதல்ல" என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். கேட்க மாட்டார்களா பின்னே! சொல்லத்தான் போகிறேன். ஆனால் எனக்கு நேர்வழியில் போய்ப் பழக்கமில்லை. கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் அந்த மேடை எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். அது ஊர் கூடிப் போலீசுக்கு எடுத்த விழா. தெருவில் வழிப்பறியும் சங்கிலி அறுப்பும் குறைந்துவிட்டது என்று, சீனக் கடைக்காரர்களும் மலாய்ப் பெரியவர்களும் நம் ஆட்களும் சேர்ந்து ஒரு போலீஸ் படைக்கு மாலை மரியாதை செய்தார்கள். அதுவரை போலீஸ் நம்மைக் கூப்பிட்டுத்தான் பார்த்திருக்கிறேன். நாம் போலீசைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேக்கும் டீயும் கொடுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மாத்தாவும் மாதாவும்

மலாயில் மாத்தா என்றால் கண். போலீஸ்காரரை 'மாத்தா மாத்தா' என்பார்கள், ஒன்றுக்கு இரண்டு கண்ணாக. நாங்கள் ஒன்றைக் குறைத்துக்கொண்டு 'மாத்தா' என்றோம்.

எங்கள் லயனில் அடுத்த வீடு மேரியக்கா. வேதக்காரி. ஊரிலிருந்து வந்து இறங்கிய வாரமே அவளுக்கு இந்த வார்த்தையால் ஒரு கூத்து நடந்தது. வாசலில் நின்று அவள் புருஷன், "மேரி, மாத்தா வந்திருக்காங்க, சீக்கிரம் வா" என்று குரல் கொடுத்தாராம். மாதாவே வீடு தேடி வந்துவிட்டாள் என்று இவள் பதறிப்போய், முக்காட்டை இழுத்துப் போட்டு, மெழுகுவத்தியைக் கொளுத்திக்கொண்டு ஓடிவந்து, கண்ணை மூடி முழங்காலிட்டுவிட்டாள். கண்ணைத் திறந்தால் எதிரே மீசை! காணாமல்போன ஆட்டைப் பற்றி விசாரிக்க வந்த கான்ஸ்டபிள்.

"பாவம் லா அந்த மனுஷன். என்ன ஏதுன்னு தெரியாம அவரும் தொப்பியக் கழட்டிட்டு நின்னாரு" என்பாள் மேரியக்கா. எத்தனை தடவை சொன்னாலும் அவளுக்கே சிரிப்பு தாங்காது.

அந்தக் காலத்தில் எங்களுக்குப் போலீசோடு இருந்த உறவு அவ்வளவுதான். ஆடு காணவில்லை, வேலி தகராறு, குடித்துவிட்டு எவனாவது ரயில் பாதையில் படுத்திருந்தான், இப்படி. தெருவில் போகிற பெண்ணின் கழுத்தில் கைவைக்கிறவன் எவனும் இல்லை. சிங்கப்பூருக்குப் போகும் பாலம் திறந்து சில வருஷம் ஆகியிருந்தது. அதன்பிறகு ரப்பர் விலை சரிந்தது பாருங்கள், எல்லாம் தலைகீழாயிற்று. தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள். வேலை போனவர்கள் டவுனுக்கு வந்து பாசார் என்கிற சந்தையிலும் ரயில் ஸ்டேஷனிலும் சும்மா சுற்றினார்கள். அதில் நல்லவர்கள்தான் அதிகம். ஆனால் பசியில் எல்லாரும் நல்லவர்களாகவே இருந்துவிடுவார்களா என்ன?

மீன் கடையில் போனது

கெம்போங் மீன் வாங்கப் போயிருந்தேன். செவுளைப் புரட்டிப் பார்க்கக் குனிந்தவள்தான். பின்கழுத்தில் சுருக்கென்று ஓர் எரிச்சல். கையை வைத்தால் சங்கிலி இல்லை. திரும்பினால் கூட்டத்துக்குள் ஓடுகிற ஒரு முதுகு. முதுகை வைத்துக்கொண்டு யாரை அடையாளம் சொல்வது? மீன்காரச் சீனர் "பெஞ்சூரி! பெஞ்சூரி!", திருடன் திருடன் என்று கத்திக்கொண்டு கத்தியோடு கொஞ்ச தூரம் ஓடித் திரும்பி வந்தார்.

மீன் நாற்றத்தோடு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். தங்கத்துக்காக அழுதேன் என்று நினைக்காதீர்கள். போனது தாலி. எங்கள் வீட்டுக்காரர் கூட்ஸ் வண்டியில் பிரேக் பிடிக்கும் வேலையில் இருந்தார். ஓடுகிற வண்டியில் பெட்டிக்குப் பெட்டி தாவுகிற வேலை. மறுநாள் விடிந்தால் லாபிஸ் பக்கம் வண்டி. கழுத்தில் தாலி இல்லாமல் அவரை எப்படி அனுப்புவேன்?

அவரோ அலட்டிக்கொள்ளவில்லை. மஞ்சள் கிழங்கு ஒன்றைக் கயிற்றில் கோத்து அவரே கட்டிவிட்டார். "இதுவும் தாலிதாம்மா. நான் எங்கயும் போயிட மாட்டேன், மூஞ்சியத் தொடை" என்றார்.

போய்த் தொலைந்தது போகட்டும் என்று என்னால் இருக்க முடியவில்லை. அவர் வண்டி ஏறினால் இறங்குகிறவரை எனக்குச் சோறு இறங்காது. அக்கினி சாட்சியாக அவர் கட்டியது அது, அதுவே திரும்பி வரவேண்டும், அவர் கையாலேயே என் கழுத்தில் ஏறவேண்டும் என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். அதுவரை மீன் கிடையாது. மேரியக்காவும் தன் பங்குக்கு மாதாவிடம் சொல்லிவைத்தாள்.

சொல்லக்கூடாத பெயர்

போலீஸ் ஸ்டேஷனுக்கு மேரியக்காதான் இழுத்துக்கொண்டு போனாள். மேசைக்கு அந்தப் பக்கம் கோப்ரால் காசிம். முன்பல் ஒன்று விழுந்த, சிரித்த மூஞ்சியுள்ள மலாய்க்காரர்.

"நாமா அப்பா?" என்று கேட்டார்.

அப்பா பெயரைக் கேட்கிறார் என்று நினைத்து, "வேலாயுதம்" என்றேன் கணீரென்று. அவரும் எழுதிக்கொண்டார். மேரியக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏய் செல்லம், அப்பான்னா மலாயில 'என்ன'ன்னு அர்த்தம். ஒன் பேரு என்னன்னு கேக்கிறாரு!"

அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார். அடுத்தது, "லாகி?" என்றார். புருஷன் பெயர். அங்கேதான் வந்தது வினை.

இந்தக் காலத்துப் பெண்கள் புருஷனை "டேய்" என்றுகூடக் கூப்பிடுகிறார்கள், நல்லாயிருக்கட்டும். எங்கள் காலத்தில் பெண்டாட்டி வாயில் அவர் பெயர் வந்தால் அவருக்கு ஆயுசு குறையும். பெயர் மட்டுமில்லை, பெயரில் வருகிற வார்த்தையும் ஆகாது. நான் எண்ணும்போது, "நாலு, அஞ்சு, அதுக்கு அடுத்தது, ஏழு" என்றுதான் எண்ணுவேன். பிள்ளைகளை மூஞ்சி கழுவு என்பேனே தவிர, அந்த இன்னொரு வார்த்தை வாயில் வராது. கடைக்காரர் கேலி செய்தாலும், "முட்டை அஞ்சும் ஒண்ணும் குடுங்க" என்றுதான் கேட்பேன்.

மேரியக்காவைப் பார்த்தேன். அவளும் உதட்டைப் பிதுக்கினாள். எனக்குப் பயந்து இத்தனை வருஷமும் அவள் அவரைத் 'தம்பி' என்றே கூப்பிட்டுப் பழகியவள். பெயர் அவளுக்குத் தெரியவே தெரியாது!

கோப்ரால் பேனாவைத் தூக்கியபடி காத்திருந்தார். அப்போதுதான் எனக்கு ஒரு புத்தி உதித்தது. தமிழில்தானே சொல்லக்கூடாது? மலாயில் சொன்னால் யமனுக்கு எங்கே புரியப்போகிறது?

"எனாம் மூக்கா" என்றேன்.

எனாம் என்றால் அஞ்சுக்கு அடுத்தது. மூக்கா என்றால் மூக்கு இல்லை, மூஞ்சி. நீங்களே சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள், என் வாயால் எதற்கு?

கோப்ராலின் பேனா நின்றுவிட்டது. "எனாம் மூக்கா? சத்து ஓராங்?" ஒரே ஆளுக்கா என்று கேட்கிறார்.

"ஆமா, ஒரே ஆளுதான்" என்று தலையை ஆட்டினேன்.

அவர் எழுந்து ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தார். ஆள் வந்திருக்கிறாரா என்று தேடுகிறார்! வேலைக்குப் போயிருக்கிறார் என்றதும் மூஞ்சி வாடிவிட்டது. ஒரு நாள் கட்டாயம் அழைத்து வரவேண்டும், பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, 'எனாம் மூக்கா' என்று எழுதி முடித்தார். அன்று முதல் அந்த ஸ்டேஷனில் நான் எனாம் மூக்காவின் மனைவி.

வெளுத்த கால்கள்

அதன்பிறகு சில மாதத்தில் டவுனில் ஒரு விசித்திரம் ஆரம்பமாயிற்று. இன்ஸ்பெக்டர் யூசோப் என்று புதிதாக வந்த ஒருவர் ஏழெட்டு மாத்தாக்களைப் பொறுக்கி எடுத்து, காக்கியைக் கழற்றவைத்து, சாரோங் என்கிற கைலியும் பனியனுமாகத் தெருவில் விட்டார். ஒருவர் வேர்க்கடலை விற்பார். ஒருவர் கோழிக் கூடையோடு ரயில் ஸ்டேஷன் வாசலில் குந்தியிருப்பார். சாரோங் மாத்தா என்று ஊர் பெயர் வைத்துவிட்டது.

யார் மாத்தா, யார் நிஜக் கடலைக்காரர் என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் லயன் பெண்களுக்குப் பொழுதுபோக்கு. நான் இதில் ரொம்பக் கெட்டிக்காரி. ஒரு நாள் கடலை வாங்கும்போது, மடித்துக் கட்டிய சாரோங்குக்குக் கீழே பார்த்தேன். பாதம் கறுப்பு. முழங்கால் கறுப்பு. நடுவில் மட்டும் வெள்ளரிப் பிஞ்சு போல வெளுப்பு! வருஷக்கணக்காகக் கணுக்காலிலிருந்து காக்கிப் பட்டியைச் சுற்றிக் கட்டிய கால். வெயிலே படாத இடம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதிலிருந்து நாங்கள் ஆளை நிமிர்ந்தே பார்ப்பதில்லை, நேரே காலைத்தான் பார்ப்போம்.

மனசு கேட்கவில்லை. தாலி விஷயம் விசாரிக்கப் போனபோது கோப்ரால் காசிமிடம் கேட்டேவிட்டேன். அவரும் அந்தப் படையில் ஒருவர். எனக்குத் தெரிந்த சந்தை மலாயில், "ஒங்க காலு காட்டிக் குடுக்குதே, திருடனுக்குத் தெரியாதா?" என்றேன்.

அவர் சாரோங்கைக் கொஞ்சம் தூக்கித் தன் காலையே பார்த்துக்கொண்டார். பிறகு அந்த ஓட்டைப் பல் தெரியச் சிரித்தார். "பியார்லா, தங்காச்சி" என்றார். இருக்கட்டும் விடு என்று பொருள். திருடனுக்குத் தெரியத்தான் வேண்டுமாம். ஒரு வெளுத்த காலைப் பார்த்தவன், பார்க்கிற காலெல்லாம் வெளுத்திருக்கிறதா என்று தேடிக்கொண்டே நடப்பான். அவன் கண் தரையிலேயே இருந்தால் கழுத்தை எப்போது பார்ப்பான் என்று கேட்டார்.

இது நிஜமாகவே யோசித்துச் செய்ததா, அல்லது நான் கேட்டதும் அந்த நிமிஷம் ஜோடித்ததா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். ஆனால் களவு குறைந்தது. அதையும் முழுசாக நம்பினேனா என்றால் இல்லை. பாதிப் பெண்கள் நகையைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டுத்தானே வெளியே போனார்கள். களவு குறைந்ததா, களவாட நகை குறைந்ததா? மேரியக்காவிடம் கேட்டால், "ரெண்டும்தான், நீ ஏன் எல்லாத்தையும் நோண்டுற?" என்றாள். நோண்டாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராதே!

தாலி கிடைத்தது, கைக்கு வரவில்லை

என் தாலியைப் பிடித்துக்கொடுத்தது ஓர் அடகுக் கடைச் சீனர். நம் பெண்கள் கஷ்டத்துக்குச் சங்கிலியை அடகுவைப்பார்கள். ஆனால் தாலியை மட்டும் கழற்றி மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு, வெறும் சங்கிலியைத்தான் கொடுப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய மனுஷன் அவர். ஒருவன் தாலியோடு சேர்த்துச் சங்கிலியை நீட்டியதும், இது வீட்டிலிருந்து வந்ததில்லை என்று அவருக்குப் புரிந்துபோயிற்று. வாசலில் கோழிக் கூடையோடு குந்தியிருந்த மாத்தாவுக்குக் கண்ணைக் காட்டியிருக்கிறார். ஆளும் அகப்பட்டான்.

கோப்ரால் சொல்லி அனுப்பினார். நான் அடுப்பை அணைக்காமல் ஓடினேன். தாலி இருந்தது! ஒரு கண்ணாடி அலமாரிக்குள், யார் யாருடைய கைக்கடிகாரங்களோடும் ஒரு வெள்ளிக் கைப்பிடிக் குடையோடும் என் தாலி பூட்டிக் கிடந்தது. தரமாட்டோம் என்றார்கள்.

"போலீசுக்குப் பெரிய துரை தன் கையால விழாவுல குடுக்கணுமாம். அதுவரைக்கும் தொடக்கூடாதாம்" என்று மேரியக்கா கேட்டுச் சொன்னாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவர்கள் விழாவுக்கு என் தாலி காத்திருக்க வேண்டுமா? அந்த வாரம் பார்த்து மழை கொட்டியது. லாபிஸ் பக்கம் தண்டவாளத்தின் அடியில் மண் அரித்துவிட்டது என்று சேதி வந்தது. எங்கள் வீட்டுக்காரர் போன வண்டி வரவில்லை. ரயில் ஸ்டேஷனில் கேட்டால் தெரியாது என்கிறார்கள். கண்ணுக்கு முன்னால் தாலி இருக்கிறது, பூட்டுக்குள் இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சியில் உட்கார்ந்து அந்த அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோப்ரால் என்னை எழுந்து போகச் சொல்லவில்லை. ஒரு கோப்பை கோப்பி கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

எங்கள் வீட்டுக்காரர் மறுநாள் வந்து சேர்ந்தார், உடம்பெல்லாம் சேறும் சிரிப்புமாக. நான் சிரிக்கவில்லை.

"விழாவுக்கு நீங்களும் மேடைக்கு வரணும். அந்த நிமிஷமே வாங்கி நீங்க போட்டுவிடணும்" என்றேன்.

"அய்யய்யோ, நான் மேடையெல்லாம் ஏற மாட்டேன். அத்தனை துரைமாருக்கு முன்னால எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. நீ கையில வாங்கிட்டு வா, கீழ நிக்கிறேன், கோயிலுக்குப் போயி போட்டுக்கலாம்."

கூச்ச சுபாவம். தன் கல்யாணத்திலேயே தலையை நிமிர்த்தாத மனுஷன். கையில்தான் தருவார்களா என்று கோப்ராலிடம் போய்க் கேட்டேன். கையில்தான், கையில்தான் என்று அடித்துச் சொன்னார். சரி என்று விட்டேன்.

மாலை போடக் கற்றுக்கொடுத்தது யார்?

விழாவன்று பாடாங் கொள்ளாத கூட்டம். கடல் காற்றில் தோரணமெல்லாம் படபடத்தது. இன்ஸ்பெக்டர் யூசோப் தன் படையைக் காக்கி போட்டு வரக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். சாரோங்கும் பனியனும் கட்டைச் செருப்புமாக அவர்கள் வரிசையாக மேடை ஏறியபோது ஜனங்கள் விசில் அடித்தார்கள். எங்கள் லயன் பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் காலைப் பார்த்தோம். எல்லாம் வெளுப்பு! அடக்கமாட்டாமல் சிரித்தோம்.

மலாயில் பேசினார்கள், சீனத்தில் பேசினார்கள், இங்கிலீஷில் பேசினார்கள். தமிழர் சார்பில் ஒரு ஜவுளிக் கடை முதலாளி பேசினார். பேசி முடித்ததும் மாலைக் கூடையைத் திறந்தார். ரோஜாவும் நந்தியாவட்டையும் வைத்துக் கட்டிய கனத்த மாலைகள். முதலில் பெரிய துரைக்கு. துரைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையை நீட்டி வாங்கப் பார்த்தார். முதலாளி விடுவாரா? "கழுத்துல, கழுத்துல" என்று சைகை காட்டி, துரையைக் குனியவைத்துக் கழுத்தில் போட்டார். ஜனங்கள் கைதட்டினார்கள். பிறகு இன்ஸ்பெக்டருக்கு, பிறகு ஒவ்வொரு மாத்தாவுக்கும், எல்லாம் கழுத்தில்தான். கோப்ரால் காசிம் மாலையை முகர்ந்து பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரைப் பார்த்து எனக்கும் கண் கலங்கியது.

துரை எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டே இருந்தார். இவர்கள் ஒருவருக்கு மரியாதை செய்வதென்றால் கையில் கொடுக்க மாட்டார்கள், கழுத்தில்தான் போடுவார்கள் என்று அந்த அரைமணி நேரத்தில் நாங்களே பாடம் நடத்தி முடித்திருந்தோம்.

பெயரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். கைக்கடிகாரம் ஒருவருக்கு, குடை ஒருவருக்கு. அடுத்து, "பினி எனாம் மூக்கா!" என்று ஒலித்தது. அத்தனை மூஞ்சிக்காரன் மனைவி. மலாய்க்காரர்கள் பக்கமிருந்து ஒரே சிரிப்பு. நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடை ஏறினேன்.

இரண்டு கையையும் சேர்த்து நீட்டினேன். துரை என் கையைப் பார்த்தார். புன்னகை செய்தார். அதெல்லாம் எனக்குத் தெரியும் அம்மா என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு, சங்கிலியின் இரண்டு முனையையும் விரலில் பிடித்து, உயரத் தூக்கி, என் கழுத்தை நோக்கி வந்தார்.

என்னங்க

ஐயோ, அந்த நிமிஷம்! பார்க்கிற உங்களுக்கு அது ஒரு சங்கிலி. எனக்கு அது தாலி. ஒரு பெண்ணின் கழுத்தில் அதை ஏற்றுகிறவன் யார் என்பதில்தானே எங்கள் வாழ்க்கையே இருக்கிறது! பாண்டு வாத்தியம் முழங்க, ஊரே சாட்சியாக, ஒரு வெள்ளைக்காரர் எனக்குத் தாலி கட்டப் போகிறார்.

"ஜாங்கான், துவான்!" என்றேன். வேண்டாம் என்று. அதே நேரம் பார்த்து பாண்டு ஆரம்பித்துவிட்டது. நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. பின்னால் நகர்ந்தேன், இடுப்பில் மேசை இடித்தது. கழுத்தைக் கையால் மூடிக்கொண்டேன். வெட்கப்படுகிறாள் என்று நினைத்து துரை இன்னும் அன்பாகச் சிரித்துக்கொண்டு நெருங்கினார்.

"என்னங்க!" என்று உயிர்போகக் கத்தினேன்.

பாடாங்கிலிருந்த தமிழ் ஆண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தன் பெண்டாட்டிதான் கூப்பிடுகிறாள் என்று ஒருவர் "இந்தா வரேன்" என்று பதில்கூடச் சொன்னார். எங்கள் வீட்டுக்காரர் மட்டும் வரவில்லை. தூரத்தில், மரத்தடியில், கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தார். நூறு என்னங்கவில் தன்னுடையது எது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

சங்கிலி நெற்றி வரை வந்துவிட்டது. எனக்கு முன்னால் இரண்டே வழி. ஒன்று, ஆகாத கை பட்டு அது என் கழுத்தில் ஏறட்டும் என்று விடவேண்டும். இல்லாவிட்டால், பிறந்ததிலிருந்து கூடாது கூடாது என்று கேட்டு வளர்ந்ததை வாய்விட்டுச் சொல்லவேண்டும்.

"ஆறுமுகம்!"

பாண்டையும் மீறிக் கேட்டது. "ஆறுமுகம்! ஓடி வாங்க! ஆறுமுகம்!"

பாண்டு ஒவ்வொரு வாத்தியமாக நின்றது. லயன் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மேடை ஏற மாட்டேன் என்ற மனுஷன், வேட்டியை மடித்துக்கட்டக்கூட நிற்காமல், நாற்காலிகளைத் தாண்டி, சீன முதலாளி ஒருவரின் தேநீரைத் தட்டிவிட்டு, ஒரே பாய்ச்சலில் மேலே வந்துவிட்டார். மூச்சு வாங்க துரைக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் நீட்டினார்.

இன்ஸ்பெக்டர் யூசோப், துரையின் காதில் ஏதோ சொன்னார். ஏற்கெனவே சிவந்த முகம் பழுத்த மிளகாயாயிற்று. துரை சங்கிலியைச் சட்டென்று எங்கள் வீட்டுக்காரர் கையில் வைத்துவிட்டு, இரண்டடி பின்வாங்கித் தொப்பியைக் கழற்றினார்.

வீட்டுக்காரர் அதை என் கழுத்தில் ஏற்றினார். கொக்கி மாட்டவில்லை, திரும்ப முயன்றார், மாட்டியது. லயன் பெண்கள் கூட்டத்திலிருந்து யாரோ குலவை போட்டார்கள். பாண்டு வாத்தியக்காரர்கள் பார்த்தார்கள், விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார்கள். கெட்டிமேளத்துக்குப் பதில் எங்களுக்குப் போலீஸ் அணிவகுப்புப் பாட்டு. மாத்தாக்கள் தங்கள் மாலையிலிருந்து பூவைப் பிய்த்து எங்கள்மேல் போட்டார்கள்.

கோப்ரால் காசிம் மட்டும் எங்கள் வீட்டுக்காரரின் முகத்தை இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். "சத்து மூக்கா சாஜா!" என்று மேரியக்காவிடம் குறைப்பட்டுக்கொண்டாராம். ஒரே ஒரு முகம்தானா!

வீடு வந்த பிறகு

வழியில் பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள், கையைக் காட்டினார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டே நடந்தார். தாலி வந்துவிட்டது, சரி. ஊர் கேட்க மூன்று தடவை பெயரைச் சொல்லியாயிற்றே, அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

வீட்டுக்குள் போய்ச் சட்டையைக் கழற்றினார்.

"கோவமா?" என்றேன்.

"இல்லையே."

"பின்ன ஏன் உம்முன்னு வாறீங்க? நான் வேணும்னா சொன்னேன்? வேற வழியில்லாம வாயில வந்துடுச்சு."

சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"வேலையில என்னை நம்பர் சொல்லித்தான் கூப்பிடுறாங்க. லயன்ல தம்பிங்கிறாங்க, ஒன் வீட்டுக்காரருங்கிறாங்க. ஊர்ல அம்மா ஒருத்திதான் பேரு சொல்லிக் கூப்பிடும். நான் கப்பலேறின பிறகு அதுவும் செத்துப்போச்சு. மரத்தடியில நிக்கிறேன், ஆறுமுகம்னு ஒரு சத்தம் வருது. யாரையோ கூப்பிடுறாங்கன்னுதான் நெனச்சேன். ரெண்டாவது தடவ கேட்டப்பதான், அட, அது நான்தான்னு தெரிஞ்சுது."

அவர் ஆயுசைக் காப்பாற்றுகிறேன் என்று நான் வாயைக் கட்டிக்கொண்டிருந்த இத்தனை வருஷமும், கடல் தாண்டி வந்த இந்த ஊரில் அந்த மனுஷனுக்குப் பெயரே இல்லாமல் இருந்திருக்கிறது. அது எனக்குத் தோன்றவே இல்லை.

கதவைச் சாத்தினேன். மேரியக்கா வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று குரலைத் தணித்துக்கொண்டு, "ஆறுமுகம்" என்றேன்.

அவர் திரும்பினார்.

"இங்கதான் இருக்கேன்" என்றார்.